தனித் திட்டம் போதாது: ஐ.டி. வேலையும் ஆட்டிச நிலையாளர்களும் பற்றி எங்கள் நிலைப்பாடு

ஆட்டிச நிலையாளர்களை வேலைக்கு எடுக்க ஐ.டி. நிறுவனங்கள் நடத்தும் தனித் திட்டங்களை எங்கள் அமைப்பு எதிர்க்கவில்லை. எங்கள் உறுப்பினர்கள் சிலர் முதல் சம்பளம் வாங்கியதே அந்த வழியில்தான். ஆனால் ஆண்டுக்கு ஐந்தாறு பேரை அப்படி எடுத்துவிட்டு, மற்ற விண்ணப்பதாரர்கள் எல்லோரையும் பழைய முறையிலேயே கழித்துக்கட்டும் நிறுவனத்தை ‘நியூரோடைவர்சிட்டியை மதிக்கும் நிறுவனம்’ என்று நாங்கள் ஏற்கமாட்டோம். வழக்கமான ஆள்சேர்ப்பு மாற வேண்டும் என்பதே எங்கள் நிலைப்பாடு.

இந்தத் திட்டங்களின் முன்னோடி டென்மார்க்கின் ஸ்பெஷலிஸ்டர்னே நிறுவனம். மகனுக்கு ஆட்டிசம் என்று தெரிந்தபின் தோர்கில் சொன்னே 2004-இல் அதைத் தொடங்கினார். அதனுடன் கைகோத்த ஜெர்மனியின் எஸ்.ஏ.பி. மென்பொருள் நிறுவனம், 2020-க்குள் தன் ஊழியர்களில் 1 சதவீதம் பேர் ஆட்டிச நிலையாளர்களாக இருப்பார்கள் என்று 2013-இல் அறிவித்தது. அதற்கு முன்னோட்டம் நடந்த இடங்களில் ஒன்று பெங்களூர். அங்கே ஆறு பேர் மென்பொருள் டெஸ்டிங் வேலையில் சேர்ந்தார்கள். 2020 வந்தபோது 1 சதவீதத்தின் அருகில்கூட அந்த நிறுவனம் இல்லை. குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அக்கறையும் பணமும் சேர்ந்து நடத்திய திட்டமே இவ்வளவுதான் எட்டியது என்றால், ஆட்கள் வேறெங்கோ தடுக்கப்படுகிறார்கள் என்று பொருள்.

எங்கே என்பது எங்களுக்குத் தெரியும். கேம்பஸ் தேர்வில், எழுத்துத் தேர்வும் கோடிங்கும் முடிந்தபின் வரும் குரூப் டிஸ்கஷனிலும் ஹெச்.ஆர். சுற்றிலும். டெஸ்டிங் வேலைக்கு ஆள் எடுக்க, எட்டுப் பேரை வட்டமாக உட்காரவைத்து யார் குறுக்கே புகுந்து பேசுகிறார் என்று ஏன் மதிப்பெண் போட வேண்டும்? இதுவரை எந்த ஹெச்.ஆரும் எங்களுக்கு விளக்கியதில்லை. நோவா சாசனும் உடன் ஆய்வாளர்களும் 2017-இல் வெளியிட்ட ஆய்வு இங்கே கவனிக்க வேண்டியது. ஆட்டிச நிலையாளர்கள் பேசுவதைச் சில நொடிகள் பார்த்தவர்களும் கேட்டவர்களும் அவர்களைக் குறைத்து மதிப்பிட்டார்கள். இவரோடு பழக விருப்பமில்லை என்றார்கள். அதே பேச்சை எழுத்தில் மட்டும் படித்தவர்களிடம் அந்த வேறுபாடு காணப்படவில்லை. சொன்ன விஷயத்தில் குறையில்லை; பார்வையும் குரலும்தான் மதிப்பெண்ணைக் குறைத்தன. ஆகவே கேள்விகளை முன்கூட்டியே எழுத்தில் தாருங்கள். செய்யப்போகும் வேலையின் ஒரு துண்டைச் செய்யச் சொல்லிப் பாருங்கள், அதற்குக் கூலி கொடுத்து. இது தன் நிலையைச் சொன்னவருக்கு மட்டும் காட்டும் சலுகையாக இல்லாமல், எல்லா விண்ணப்பதாரர்களுக்கும் பொதுவாக இருக்கட்டும். சொல்லத் தயங்குகிறவர்களும், தனக்கே இன்னும் தெரியாதவர்களும் அந்த வரிசையில் நிற்கிறார்கள்.

சேர்ந்தபின் வரும் சிக்கல் பெஞ்ச். நம் ஊர் சேவை நிறுவனங்களில் புராஜெக்ட் முடிந்தால் ஊழியர் பெஞ்சுக்கு வருவார். அடுத்த புராஜெக்டுக்கு உள்ளுக்குள்ளேயே மறுபடி இன்டர்வியூ. தனித் திட்டத்தில் வந்தவருக்குக் கிடைத்த அமைதியான இருக்கை, வேலையை எழுத்தில் தரும் டீம் லீட், உதவிக்கு இருந்த சக ஊழியர் எல்லாமே பழைய புராஜெக்டோடு போய்விடும். புது மேனேஜருக்கு எதுவும் தெரியாது. அப்ரைசலில் ‘கம்யூனிகேஷன் போதாது’ என்று ஒரு வரி விழும். ஏற்பாடுகள் புராஜெக்டைச் சேர்ந்தவையாக இல்லாமல் ஊழியரைச் சேர்ந்தவையாக எழுதப்பட வேண்டும். அவர் எங்கு போனாலும் அந்தத் தாளும் கூடவே போக வேண்டும்.

சட்டம் ஏற்கெனவே இருக்கிறது. 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இடம்பெறாத ஆட்டிசம், 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் ஒன்று. அதன் 21-ஆம் பிரிவுப்படி தனியார் நிறுவனங்களும் சமவாய்ப்புக் கொள்கையை வெளியிட்டு, அதன் நகலை ஆணையரிடம் பதிவுசெய்ய வேண்டும். மாற்றுத்திறன் 40 சதவீதமாவது உண்டு என்ற சான்று இருந்தால்தான் ஏற்பாடு செய்துதருவோம் என்பதும் செல்லாது. எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் பிரச்சினை உள்ள தேர்வர் ஒருவர், 40 சதவீதம் இல்லை என்பதால் எழுத்தர் உதவி மறுக்கப்பட்டு யு.பி.எஸ்.சி.க்கு எதிராகத் தொடுத்த வழக்கில், அந்த அளவுகோலை நியாயமான ஏற்பாடுகளுக்கு நிபந்தனையாக்கக் கூடாது என்று 2021-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வளர்ந்தபின் ஆட்டிசம் கண்டறியப்பட்டு, சான்றுக்கு அலைந்துகொண்டிருப்பவர்களுக்கு இது மிக முக்கியம்.

இன்னொன்று. ஆட்டிச நிலையாளர் மற்றவர்களைவிடக் கூடுதல் வேகம், கூடுதல் துல்லியம் என்று சொல்லி எங்களுக்காக வாதாட வேண்டாம். எல்லோரையும் போலச் சுமாராக வேலை செய்கிறவருக்கும் வேலை வேண்டும். எல்லோருக்கும் டெஸ்டிங் பிடிக்கும் என்பதும் இல்லை. எங்களில் டிசைன் செய்கிறவர்கள் உண்டு, கையேடு எழுதுகிறவர்கள் உண்டு, கணினியே வேண்டாம் என்பவர்களும் உண்டு.

ஆட்களைப் பரிந்துரைக்கக் கேட்கும் நிறுவனங்களிடம் நாங்கள் இரண்டு கேள்விகள் கேட்போம். இரண்டு ஆண்டுகளுக்கு முன் எடுத்தவர்களில் எத்தனை பேர் இன்னும் இருக்கிறார்கள்? அதே வேலைக்கு மற்றவர்கள் வாங்கும் சம்பளம் அவர்களுக்கும் உண்டா? பதில் வராத இடத்துக்குப் பெயர் தரமாட்டோம். ஸ்டைபெண்டை மட்டும் கொடுத்து முடிவில்லாமல் ‘பயிற்சி’ என்று இழுக்கும் அழைப்புகளை எங்கள் குழுக்களில் பகிரமாட்டோம். ஏப்ரல் 2, உலக ஆட்டிச விழிப்புணர்வு நாள் விழாவில் பேச ஆள் கேட்டு வரும் கடிதங்களுக்கும் முதல் பதிலாக இந்த இரண்டு கேள்விகளே போகும்.