காவலை நீக்குமுன்

சங்கக் காரியாலயங்களுக்குக் கணிப்பொறி வந்த நாள்முதல், "மெஷின் நின்றுவிட்டது" என்ற சொல் "நூல் வரவில்லை" என்பதைப்போல நமக்குப் பழகிவிட்டது. எந்த இயந்திரமும் ஒரு நாள் நிற்கவே செய்யும். நின்றவுடன் நமது நிர்வாகஸ்தர்கள் செய்யும் காரியத்தைப் பற்றியே இங்குச் சில வார்த்தைகள் கூற விரும்புகிறோம்.

ஆய்வுக்குச் சென்ற ஒரு நெசவாளர் சங்கத்தில் நாம் கண்டது இது. கூலிப் பட்டியல் போடும் நாளில் திரை நீலமாக மாறிற்று; கணிப்பொறி தானே அணைந்து, தானே எழுந்தது. ஒரே நாளில் நான்கு முறை. பழுது பார்க்க வந்தவர், "ஃபயர்வால்தான் காரணம்" என்று கூறி, விலைக்கு வாங்கிய அந்தக் காவல் நிரலை நீக்கினார். விண்டோஸுடன் வரும் காவலையும் அணைத்துவிட்டுப் போனார். எழுத்தில் ஒரு வரியும் தரவில்லை. நீலத்திரையோ நின்றபாடில்லை. ஒன்பது நாட்கள் அந்தக் கணிப்பொறி, அங்கத்தினர் அனைவரின் வங்கிக் கணக்கு எண்களையும் தாங்கியபடி, காவலின்றி இணையத்தில் இருந்தது.

அவர் கூறியது முற்றிலும் பொய் என்று நாம் சொல்லவில்லை. வருவதையும் போவதையும் சோதிக்கும் காவல் நிரல், தன் வேலையைச் செய்ய விண்டோஸின் கருவறையான 'கெர்னல்' வரை நுழைகிறது. சாதாரண நிரல் பிழை செய்தால் அது மட்டும் விழும். கருவறையில் பிழை நேர்ந்தால், மேலும் கேடு விளையாதிருக்க விண்டோஸ் தன்னையே நிறுத்திக்கொள்ளும். நீலத்திரை என்பது அதுதான். (2025 முதல் விண்டோஸ் 11இன் புதிய பதிப்பில் அது கறுப்பாகிவிட்டது, நிறம் மாறியதே தவிர நோய் மாறவில்லை.)

2024 ஜூலை 19 அன்று உலகமே இதைக் கண்டது. கிரவுட்ஸ்டிரைக் என்னும் நிறுவனம் தன் காவல் நிரலுக்கு அனுப்பிய ஒரு சிறு கோப்பினால், மைக்ரோசாஃப்ட் கணக்கின்படி, ஏறத்தாழ 85 லட்சம் கணிப்பொறிகள் விழுந்தன. காரணம் நம் குமாஸ்தாக்களுக்கு எளிதில் விளங்கும்: 20 பத்திகளே உள்ள பேரேட்டில் 21ஆவது பத்தியைப் படிக்கப் போனது அந்த நிரல். கோப்பை 78 நிமிடத்தில் திரும்பப் பெற்றுவிட்டார்கள். ஆயினும் விழுந்தவற்றில் பெரும்பாலானவற்றை ஆட்கள் நேரில் சென்று, 'சேஃப் மோடில்' எழுப்பி, அந்த ஒரு கோப்பை அழித்தே மீட்க வேண்டியிருந்தது. காவலையே ஒழித்துவிட அவர்கள் முனையவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

ஆகவே, காவல் நிரலைச் சந்தேகிக்கலாம். ஆனால் சந்தேகம் தீர்ப்பாகாது. நீலத்திரையில் தோன்றும் நிறுத்தக் குறியீட்டைத் தேதியுடன் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிவர வேண்டும். ஒரே குறியீடு திரும்பத் திரும்ப வந்தால் பெரும்பாலும் ஏதோவொரு 'டிரைவரின்' குற்றம். ஒவ்வொரு முறையும் வேறு குறியீடு வந்தால் நினைவகச் சில்லை முதலில் சோதிக்க வேண்டும். அதற்கான சோதனை விண்டோஸிலேயே உண்டு. நீலத்திரையே வராமல் பட்டென்று அணைந்தால் சூட்டையோ மின்சாரத்தையோ பார்க்க வேண்டும். பஞ்சுத் தூசு அடைத்த விசிறியோடு திணறும் கணிப்பொறியை நெசவாளர் சங்கங்களில் நாம் பலமுறை கண்டிருக்கிறோம். அதற்குத் தேவை ஒரு தூரிகைதான். காவல் நிரலை நீக்கித்தான் பார்க்க வேண்டுமென்றால், முதலில் இணையக் கம்பியைப் பிடுங்கிவிட வேண்டும். ஒரு வேளையில் ஒரு மாற்றம்தான் செய்யலாம். மூன்றைச் சேர்த்து மாற்றினால், நோய் தீர்ந்தாலும் எது தீர்த்தது என்று தெரியாது.

முன் சொன்ன சங்கத்தில் ஒன்பதாம் நாள் வேறொருவர் வந்து, 'மினிடம்ப்' என்ற உறையில் விண்டோஸ் எழுதி வைத்திருந்த குறிப்பைப் படித்தார். கணிப்பொறி வாங்கியபோது இலவசமாய் வந்து, காலாவதியாகி, எல்லோரும் மறந்துவிட்ட பழைய காவல் நிரல் ஒன்றின் மிச்சமே குற்றவாளி. அதைத் தயாரித்தவர்களே தரும் நீக்குங்கருவியால் அடியோடு அகற்றியபின் நீலத்திரை வரவில்லை. குற்றமற்ற காவல் மீண்டும் அமர்த்தப்பட்டது. கூலி நான்கு நாள் தாமதமாயிற்று. நூல் வழங்கிய பதிவேட்டைக் காரியதரிசி கையாலும் எழுதிவந்ததால், தாமதம் அதோடு போயிற்று.

விவசாயக் கடன் சங்கங்களுக்கு இது மேலும் பொருந்தும். 63,000 தொடக்கச் சங்கங்களைக் கணினிமயமாக்க மத்திய அரசு 2022இல் ஒப்புதல் அளித்தது. பழைய பேரேடுகளை மூடும் சங்கங்கள் இரண்டு காரியங்களை நிர்வாகக் குழுவில் தீர்மானமாக நிறைவேற்ற வேண்டும் என்பது எமது அபிப்பிராயம். பழுது பார்ப்பவர் என்ன நீக்கினார், ஏன் நீக்கினார் என்று எழுதிக் கையொப்பமிடாமல் பணம் தரலாகாது. இரண்டாவது, வட்டைப் பூட்டும் 'பிட்லாக்கர்' மீட்புத் திறவுகோலைச் சங்கமே வைத்துக்கொள்ள வேண்டும். 2024இல் அந்த எண்ணைக் கையில் வைத்திராதவர்களின் கணிப்பொறிகள், பரிகாரம் தெரிந்த பின்னும் திறக்க இயலாமல் கிடந்தன. இன்று நம் சங்கங்கள் பலவற்றில் அது பழுது பார்ப்பவரிடமே இருக்கிறது. அடுத்த ஆய்வுக்கு வரும்போது, இரும்புப் பெட்டியிலிருந்து ரொக்கத்தோடு அந்த 48 இலக்கத் தாளையும் எடுத்துக் காட்டும்படி கேட்போம்.