என் வீடு, அவருடைய பணியிடம்

வாசலில் ஒரு ஜோடி ஆண் செருப்பைப் போட்டு வை. கொடியில் ஓர் ஆண் சட்டையைக் காயப்போடு. கரண்ட் வேலைக்கு ஆள் வந்தால், உள்ளே யாரோ படுத்திருப்பதுபோல் “என்னங்க, ஆள் வந்துட்டாரு” என்று ஒரு குரல் கொடு. நைட்டி மேல் துண்டைப் போட்டுக்கொள். கதவை விரியத் திறந்து வை. வேலை முடியும்வரை அம்மாவோடு போனில் பேசிக்கொண்டே இரு.

தனியாக வசிக்கும் பெண்களுக்கும் பகலில் வீட்டில் தனியாக இருக்கும் பெண்களுக்கும் இந்தப் பட்டியல் மனப்பாடம். அம்மா மகளுக்குச் சொல்கிறார், பக்கத்து வீட்டு அக்கா புதிதாகக் குடிவந்தவளுக்குச் சொல்கிறார். அக்கறையில் பிறந்த பட்டியல் இது. அதை நான் கேலி செய்யவில்லை. ஆனால் எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது. குழாய் ரிப்பேருக்கும் ஏசி சர்வீஸுக்கும் வருகிற ஆணின் கையில் இப்படி ஒரு பட்டியலை யாராவது கொடுத்திருக்கிறோமா?

அவருக்கும் பயிற்சி தருகிறார்கள். ஷூவை வெளியே கழற்ற வேண்டும், வேலை முடிந்ததும் போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும், கிளம்பும்போது “அஞ்சு ஸ்டார் குடுங்க மேடம்” என்று கேட்க வேண்டும். எல்லாம் சொல்லிக்கொடுக்கப்படுகிறது. ஒரு பெண் தனியாக இருக்கும் வீட்டுக்குள் எப்படி நடந்துகொள்ள வேண்டும், மீறினால் என்ன ஆகும் என்பது மட்டும் பாடத்தில் இல்லை. அந்தப் பாடத்தை நாம் படித்துக்கொண்டிருக்கிறோம்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். சென்னையின் தெற்குப் புறநகரில் இரண்டாவது மாடியில் குடியிருக்கிறேன். தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷினுக்கு வருட ஒப்பந்தம் போட்டிருந்தேன். நிறுவனத்தின் பெயர் பொறித்த சட்டையும் கழுத்தில் அடையாள அட்டையுமாக ஒருவன் வந்தான். “சார் ஆபீஸ் போயிட்டாரா மேடம்?” என்று ஆரம்பித்தான். பதில் சொல்லவில்லை. “தனியாவா இருக்கீங்க? போரடிக்காதா?” என்றான். சிங்க்குக்குக் கீழே இருந்த வால்வை மூடக் குனிந்தபோது இடுப்பில் கை பட்டது. “சாரி, இடம் சின்னது” என்றான். இரண்டாவது முறை கை பட்டபோது சாரியும் இல்லை, கை உடனே விலகவும் இல்லை.

சில விநாடிகள் எனக்கு நாக்கு எழவில்லை. பிறகு, “வேலையை நிறுத்துங்க. பையை எடுத்துட்டு வெளிய போங்க” என்றேன். “என்ன மேடம், தப்பா எடுத்துக்கிட்டீங்களே” என்றான். நான் வாசலைத் தாண்டிப் போய் எதிர்வீட்டு மணியை அழுத்திவிட்டு, படிக்கட்டருகே நின்றேன். அவன் போய்விட்டான். மெஷின் பாதி பிரித்தபடி கிடந்தது, தரையெல்லாம் தண்ணீர். அன்றிரவு வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி: “சாரி மேம். ஃப்ரெண்ட்ஸா இருக்கலாமா?”

பேருந்தில் ஒருவன் உரசினால் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிடலாம். வீட்டிலிருந்து எங்கே இறங்குவது? அடுப்பில் சோறு இருக்கிறது, தொட்டிலில் குழந்தை தூங்குகிறது, பீரோவின் சாவி மேசைமேல் கிடக்கிறது. பேருந்தில் உரசியவனுக்கு நம் பெயர் தெரியாது. இவனிடம் நம் முகவரி இருக்கிறது, போன் நம்பர் இருக்கிறது, நாம் தனியாக இருக்கும் நேரம் எது என்பதும் தெரியும். “ஏன் கத்தவில்லை, ஏன் அறையவில்லை” என்று கேட்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்ததில்லை. கத்துவதா, சிரித்துச் சமாளித்து அவனை வெளியே அனுப்புவதா, அறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொள்வதா என்பதை அந்த நேரத்தில் அங்கே நிற்கும் பெண்தான் முடிவு செய்ய முடியும். அவள் உயிரோடு, காயமில்லாமல் வெளியே வந்தால் அவள் செய்தது சரி. வீரத்துக்கு மதிப்பெண் போடும் வேலையை நாம் விட்டுவிடலாம். கேள்வி கேட்க வேண்டிய இடம் அதற்குப் பிறகு வருகிறது.

பிறகு நான் கேட்ட பதில்கள் மூன்று.

முதல் பதில் எதிர்வீட்டு அக்காவுடையது. “வீட்டுக்காரர் இருக்கறப்ப வரச் சொல்லியிருக்கலாமேம்மா.” எனக்கு வீட்டுக்காரர் இல்லை. வீடு இருக்கிறது. அதன் வாடகையையும் மெஷினின் ஒப்பந்தப் பணத்தையும் நான்தான் கட்டுகிறேன். ஆண் துணை இருந்தால்தான் குழாயைச் சரிசெய்ய முடியும் என்றால், அந்த வீட்டில் நான் யார்? “வீடுதான் பெண்ணுக்குப் பாதுகாப்பு” என்று சொல்லியே நம்மை உள்ளே வைத்தார்கள். உள்ளே ஒன்று நடந்தால் “ஏன் கதவைத் திறந்தாய்” என்கிறார்கள்.

இரண்டாவது பதில் குடியிருப்போர் சங்கத்திலிருந்து வந்தது. “இந்த மாதிரி ஆளுங்க புத்தியே அப்படித்தான் மேடம். இனிமே வேலைக்கு வர்றவங்க எல்லார்கிட்டயும் ஆதார் வாங்கி வெச்சுக்கிட்டு, லிஃப்ட்ல ஏற விடாம பண்ணிடலாம்.” எனக்கு ஆதரவாகப் பேசுவதாகத்தான் அவர் நினைத்தார். ஆனால் “இந்த மாதிரி ஆளுங்க” என்ற சொல்லுக்குள் என்ன சாதி, என்ன ஊர், என்ன மொழி ஒளிந்திருக்கிறது என்பது நம் எல்லோருக்கும் தெரியும். என் இடுப்பில் பட்ட கையைக் காரணம் காட்டி, காய்கறி கொண்டுவருபவரையும் வீட்டு வேலைக்கு வரும் அக்காவையும் படியேறி வரச் சொல்வதற்கு நான் சம்மதிக்க முடியாது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கைகளை எடுத்துப் பாருங்கள். பாலியல் வல்லுறவு வழக்குகளில் 10-க்கு 9-க்கும் மேற்பட்டவற்றில் குற்றம் சாட்டப்பட்டவர் அந்தப் பெண்ணுக்கு ஏற்கெனவே தெரிந்தவர். உறவினர், நண்பர், பக்கத்து வீட்டுக்காரர். லிஃப்டில் தாராளமாக ஏறி இறங்குகிறவர்கள். ஒருவன் செய்த குற்றத்துக்கு அவன் பதில் சொல்லட்டும். அவன் வர்க்கமோ சாதியோ பதில் சொல்ல வேண்டியதில்லை.

மூன்றாவது பதில்தான் என்னை எழுதவைத்தது. நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைக்குப் போன் செய்தேன். பேசிய பெண் மிக மரியாதையாகப் பேசினார். “சாரி மேடம், வேற டெக்னீஷியனை அனுப்பறோம். அடுத்த சர்வீஸ் ஃப்ரீயா பண்ணித் தர்றோம்.” என் உடல்மேல் நடந்த அத்துமீறல் அவர்கள் பதிவேட்டில் சேவைக் குறைபாடாகப் பதிவாகிவிட்டது. தண்ணீர் கசிந்தால் என்ன தருவார்களோ அதையே தந்தார்கள். “உங்க நிறுவனத்தோட உள்ளகக் குழுவுக்குப் புகார் எப்படி அனுப்பறது?” என்று கேட்டேன். அப்படி ஒன்று இருப்பது அந்தப் பெண்ணுக்கே தெரியவில்லை. அவரும் அங்கே வேலை பார்க்கும் ஒரு பெண்.

இந்த இடத்தில்தான் நாம் சட்டத்தைக் கையில் எடுத்துப் படிக்க வேண்டும். பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் சட்டம் 2013-இல் வந்தது. அலுவலகத்தில் வேலை செய்யும் பெண்களுக்கு மட்டுமான சட்டம் என்று பலரும் நினைக்கிறோம். ஆனால் அது பாதிக்கப்பட்ட பெண்ணை வரையறுக்கும்போது, எந்த வயதினராயினும், வேலையில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் என்கிறது. பணியிடத்தை வரையறுக்கும்போது, வேலையின் பொருட்டு ஊழியர் செல்லும் எந்த இடத்தையும் சேர்த்துக்கொள்கிறது. ஊழியரை வரையறுக்கும்போது, ஒப்பந்ததாரர் வழியாக வருபவரையும் தினக்கூலியையும் தற்காலிகமாக வேலை செய்பவரையும் சேர்த்துக்கொள்கிறது. மூன்றையும் வரிசையாக வைத்துப் படித்தால் எனக்குக் கிடைக்கும் பொருள் ஒன்றுதான். என் சமையலறைக்குள் அவன் மெஷினைப் பிரித்துக்கொண்டிருந்த அந்த நேரத்தில், என் வீடு அவனுடைய பணியிடம். அங்கே அவன் நடந்துகொண்ட விதத்துக்கு, அவனை அனுப்பியவர்கள் பதில் சொல்ல வேண்டும்.

வீட்டைப் பணியிடம் என்று சட்டம் ஒத்துக்கொண்டதே ஒரு போராட்டத்தின் விளைவு. 2010-இல் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட மசோதாவில் வீட்டுப் பணியாளர்களுக்கு இடமில்லை. வீடு அந்தரங்கமான இடம், அதற்குள் சட்டம் நுழையக்கூடாது என்ற வாதம்தான் காரணம். பெண்கள் அமைப்புகளும் வீட்டுப் பணியாளர் சங்கங்களும் விடாமல் கேட்ட பிறகே அவர்கள் சேர்க்கப்பட்டார்கள். அடுத்தவர் வீட்டில் பாத்திரம் துலக்கும் பெண்ணிடம் அந்த வீட்டு ஆண் அத்துமீறினால் அவர் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் போகலாம் என்ற உரிமை அப்படித்தான் கிடைத்தது. நான் பேசும் கதவும் அவர் பேசும் கதவும் ஒன்றுதான். அவர் வேலை செய்ய உள்ளே போகிறார், நான் வேலைக்கு வருகிறவரை உள்ளே விடுகிறேன். இரண்டு பக்கத்திலும் “வீட்டுக்குள் நடந்ததை வெளியே சொல்லாதே” என்ற ஒரே பூட்டு.

நான் எழுத்தில் புகார் அனுப்பினேன். “அவர் எங்கள் ஊழியர் இல்லை, ஏஜென்சி வழியாக வருபவர்” என்று முதல் பதில் வந்தது. லாபம் வரும்போது அவர் சட்டையில் இருப்பது இவர்கள் பெயர். புகார் வரும்போது அவர் யாரோ. இந்த வாதம் நீதிமன்றத்துக்கும் போயிருக்கிறது. வாடகைக் கார் செயலி வழியாக வந்த ஓட்டுநர்மேல் ஒரு பெண் பயணி 2018-இல் கொடுத்த புகாரை, ஓட்டுநர் தங்கள் ஊழியர் இல்லை என்று சொல்லி அந்த நிறுவனம் விசாரிக்க மறுத்தது. இந்தச் சட்டத்தின்படி அவர் ஊழியர்தான் என்று கர்நாடக உயர்நீதிமன்றத்தின் தனி நீதிபதி 2024 செப்டம்பரில் தீர்ப்பளித்தார். அடுத்த மாதமே மேல்முறையீட்டில் அந்தத் தீர்ப்புக்குத் தடை விதிக்கப்பட்டது. கைகழுவுவதற்கு நிறுவனங்கள் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இது போதும்.

சட்டத்தின் வரிகளைக் குறிப்பிட்டு நான் அனுப்பிய மூன்றாவது கடிதத்துக்குப் பிறகுதான் உள்ளகக் குழு என்னை விசாரணைக்கு அழைத்தது. வாட்ஸ்அப் செய்தியையும், அன்றே தேதியும் நேரமும் போட்டு நான் எழுதிவைத்திருந்த குறிப்பையும் கொடுத்தேன். அவனை வீட்டுச் சேவையிலிருந்து நீக்கியதாக எழுத்தில் பதில் வந்தது. இது பெரிய வெற்றி என்று சொல்லமாட்டேன். ஆனால் இலவச சர்வீஸிலிருந்து இங்கே வந்து சேர மூன்று கடிதங்கள் தேவைப்பட்டன என்பது பதிவாக வேண்டும்.

எல்லோரையும் ஒரு நிறுவனம் அனுப்புவதில்லை. தெருமுனை எலக்ட்ரீஷியனுக்கு முதலாளி அவரேதான். அங்கே போக வேண்டிய இடம் காவல் நிலையம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 75-ஆம் பிரிவு பாலியல் துன்புறுத்தலைக் குற்றமாக்குகிறது. விருப்பத்துக்கு மாறாகப் பாலியல் நோக்கோடு தொட்டால் 3 ஆண்டுகள் வரையும், பாலியல் ரீதியாகப் பேசினால் ஓர் ஆண்டு வரையும் சிறைத் தண்டனை உண்டு. விருப்பமில்லை என்று சொன்ன பிறகும் திரும்பத் திரும்பச் செய்தி அனுப்பினால் அது 78-ஆம் பிரிவில் வரும். புகாரைப் பெண் அதிகாரிதான் பதிவுசெய்ய வேண்டும். எந்தக் காவல் நிலையத்திலும் கொடுக்கலாம், “எங்கள் எல்லை இல்லை” என்று திருப்பி அனுப்பக் கூடாது. போலீசுக்குப் போவதும் போகாமல் இருப்பதும் பாதிக்கப்பட்டவளின் முடிவு. ஆனால் போக வழியில்லை என்று யாரும் அவளிடம் பொய் சொல்லக்கூடாது.

கல்லூரியிலும் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடங்களிலும் இருக்கும் தோழிகளுக்கு இது இன்னும் கடினம் என்று எனக்குத் தெரியும். நான்கு பேர் சேர்ந்து எடுத்த வீடு, வீட்டு உரிமையாளர் அனுப்பிய பிளம்பர். வாயைத் திறந்தால் “பேச்சுலர் பொண்ணுங்களுக்கு வீடு குடுத்தாலே இப்படித்தான்” என்று காலி செய்யச் சொல்வார்கள். ஊருக்குத் தெரிந்தால் “படிச்சது போதும், கிளம்பி வா” என்பார்கள். ஒரு பெண் வாயை மூடிக்கொள்வதற்குக் கூச்சம் மட்டும் காரணமில்லை. பேசினால் வீடும் படிப்பும் வேலையும் அவள் கையிலிருந்துதான் போகும் என்பது காரணம். தப்பு செய்தவனுக்கு ஒரு வேலை போகும், புகார் சொன்னவளுக்கு ஓர் ஊரே போகும். இந்தக் கணக்கை மாற்றாமல் “தைரியமாகப் பேசுங்கள்” என்று பெண்களுக்கு உபதேசம் செய்வது மோசடி.

ஆகவே உபதேசத்தை இடம் மாற்றுவோம். வீட்டுக்கு ஆள் அனுப்பும் ஒவ்வொரு நிறுவனமும் தன் ரசீதிலும் செயலியிலும் உள்ளகக் குழுவின் மின்னஞ்சலை அச்சிட வேண்டும். வாடிக்கையாளரின் போன் நம்பர் வேலைக்கு வருகிறவர் கைக்குப் போகாமல் நிறுவனம் வழியாகவே அழைப்பு வர வேண்டும். வீட்டுக்குள் நுழைகிறவருக்கு மெஷினைப் பற்றி எத்தனை மணி நேரம் சொல்லிக்கொடுக்கிறார்களோ, அதில் ஒரு மணி நேரத்தையாவது இதற்கு ஒதுக்க வேண்டும். உள்ளூர்க் குழு எங்கே இருக்கிறது, யாரிடம் புகார் கொடுப்பது என்பதை மாவட்ட ஆட்சியர் அலுவலகம் ஒவ்வொரு பஞ்சாயத்திலும் வார்டிலும் எழுதிப்போட வேண்டும். சட்டம் வந்து 11 ஆண்டுகள் கழித்து, 2024 டிசம்பரில், மாவட்ட அதிகாரிகளை நியமியுங்கள் என்று உச்ச நீதிமன்றமே மாநிலங்களுக்குக் கெடு விதிக்க வேண்டியிருந்தது. அவ்வளவு அலட்சியம்.

வாட்டர் மெஷின் சர்வீஸுக்கு, அடுத்த முறை வேறொருவர் வந்தார். அரை மணி நேரத்தில் வேலையை முடித்து, தரையைத் துடைத்துக் கொடுத்துவிட்டுப் போனார். இப்படி வேலை பார்ப்பது ஒன்றும் அபூர்வமான நற்குணமில்லை. எந்தத் தொழிலாளிக்கும் கைவரும் சாதாரண ஒழுங்கு அது. அதை மீறுகிறவனிடமும் அவனை அனுப்புகிறவர்களிடமும் கணக்குக் கேட்போம். பெண்களுக்கு இன்னொரு எச்சரிக்கைப் பட்டியல் வேண்டாம்.