கைத்தொலைபேசியில் ஒரு பெரட்டு



தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்குப் பெரட்டு என்றால் என்னவென்று சொல்லித் தர வேண்டியதில்லை. விடியாத இருட்டில் எழுந்து போய் நிற்க வேண்டும். பெயர் கூப்பிடுவார்கள். வந்தவருக்குப் புத்தகத்தில் அடையாளம் விழும். வராதவருக்கு அன்றைய சம்பளம் போகும். உடம்பு வலித்தாலும், மழை தூறினாலும் நம் பெற்றோர் போய் நின்றார்கள். அவர்களை எழுப்பியது ஆசையல்ல. நேரமும் பெயர் கூப்பிடுதலுந்தான்.

பெரட்டு முடிந்தால் மரத்துக்கு மரம் நடை, குனிதல், நிமிர்தல், பால் வாளி சுமத்தல். அந்த உழைப்பு முதுகை முறித்ததும் உண்டு. அதைப் புகழ்ந்து பாட நான் வரவில்லை. ஆனால் உடம்பு அசையாமல் ஒரு நாளும் கழிந்ததில்லை. இன்றோ செரண்டா, ரவாங், பத்தாங் காலி வட்டாரத்தில் நம் மக்களில் பலர் தாமான் வீடுகளுக்கு வந்துவிட்டார்கள். வேலைக்கு மோட்டார் சைக்கிள் அல்லது தொழிற்சாலை பஸ். வேலை இடத்தில் நாற்காலி அல்லது ஒரே இடத்தில் நிற்பு. வேலை மாறியது, சோற்றுத் தட்டு மட்டும் மாறவில்லை.

விளைவு என்ன? 2019-ஆம் ஆண்டு சுகாதார அமைச்சு நடத்திய தேசிய ஆய்வில், பெரியவர்களில் நூற்றுக்கு 18.3 பேருக்கு இனிப்பு நீர் இருப்பது தெரிய வந்தது. இந்தியர்களை மட்டும் பார்த்தால் நூற்றுக்கு 31 பேர்! காலை இழந்தவரும், கண் பார்வை மங்கியவரும் நம் உறவில் ஒருவராவது இருக்கிறாரா இல்லையா என்று எண்ணிப் பாருங்கள்.

உழைக்கும் தசை இரத்தத்திலுள்ள சர்க்கரையை எடுத்து எரிக்கிறது. அதனால்தான் உலகச் சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டியில், பெரியவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமாக உடம்பை அசைக்க வேண்டும் என்றது. வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்கு வலுவூட்டும் பயிற்சியும் வேண்டுமாம். நாளுக்கு அரை மணி, வாரத்துக்கு ஐந்து நாள் என்றாலே 150 நிமிடம் வந்துவிடும்.

இதைக் கற்றுக்கொடுக்கும் ஆசிரியர் இன்று நம் கையிலேயே இருக்கிறார். யூடியூபில் காசில்லாமல் நூற்றுக்கணக்கான பாடங்கள் கிடைக்கின்றன. இன்று எதைச் செய்ய வேண்டும், எத்தனை தடவை என்று நாள்தோறும் சொல்லித் தரும் செயலிகளும் உண்டு. ஆனால் இறக்கி வைத்த செயலி, அலமாரியில் வைத்த கஷாயம் போன்றது. குடித்தால்தானே குணம்? முதல் வாரம் ஆர்வம், இரண்டாம் வாரம் அசதி, மூன்றாம் வாரம் மறதி என்றுதானே பல வீடுகளில் கதை முடிகிறது?

தொடர்ந்து நடந்த பயிற்சிகளைக் கவனியுங்கள். ஜப்பானில் 1928-இல் வானொலி வழியே தேகப்பயிற்சி தொடங்கியது. ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் மலாயாப் பள்ளிக்கூடங்களிலும் இது நடந்தது. நம் தாத்தா பாட்டிமார் ‘தைசோ’ என்று சொன்னது இதைத்தான். அந்த ஆட்சியின் கொடுமை வேறு கதை. ஆனால் ஜப்பானில் அந்தப் பயிற்சி இன்றும் நடக்கிறது. விடுமுறையில் காலையில் வந்து நிற்கும் பிள்ளைகளின் அட்டையில் நாளுக்கொரு முத்திரை குத்துகிறார்கள்.

2020 மார்ச் மாதம் கோவிட் நோயால் இங்கிலாந்தில் பள்ளிகள் அடைபட்டபோது, ஜோ விக்ஸ் என்ற பயிற்சியாளர் யூடியூபில் காலை 9 மணிக்குப் பிள்ளைகளுக்குத் தேகப்பயிற்சி நடத்தினார். மார்ச் 24 அன்று ஒரே நேரத்தில் ஒன்பதரை லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளில் அது ஓடியது. இரண்டிலும் நேரம் குறித்திருந்தது. கூட நிற்க ஆளிருந்தது. நம் பெரட்டும் அதுதானே? ஆகவே செயலியைத் தேடுமுன் நேரத்தைத் தேடுங்கள்.

எப்படித் தொடங்கலாம்?

ஏற்கெனவே தவறாமல் செய்யும் ஒரு காரியத்தோடு பயிற்சியை முடிச்சுப் போடுங்கள். காலைத் தேநீருக்கு முன், அல்லது மாலை விளக்கேற்றிய பின் என்று வையுங்கள். முதல் இரண்டு வாரம் பத்து நிமிடம் போதும். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது; அதுதான் மிதமான பயிற்சிக்கு அடையாளம். பக்கத்து வீட்டு அக்காவையோ, நாத்தனாரையோ சேர்த்துக்கொண்டு, முடித்ததும் வாட்ஸ்அப்பில் “வந்தாச்சு” என்று ஒரு வார்த்தை போடுங்கள். சுவர் நாட்காட்டியில் ஒரு கோடும் போடுங்கள்.

ஒரு நாள் தவறிவிட்டால் மனம் தளர வேண்டாம். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் 96 பேரை வைத்து நடத்தி 2010-இல் அச்சான ஆய்வில், ஒரு பழக்கம் தானாக வருவதற்குச் சராசரியாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18 நாள். சிலருக்கு 254 நாள் வரை ஆகும் என்று கணக்கிட்டார்கள். இடையில் ஒரு நாள் விட்டதால் பழக்கம் கெடவில்லை என்றும் கண்டார்கள். மறுநாள் வந்து நின்றால் சரி.

சில எச்சரிக்கைகள்: இனிப்பு நீருக்கு மருந்தோ ஊசியோ எடுப்பவர்களும், நெஞ்சு வலி, இரத்த அழுத்தம் உள்ளவர்களும் முதலில் அரசாங்க கிளினிக்கில் கேட்டுக்கொள்ளுங்கள். ஊசி போடுபவர்கள் வெறும் வயிற்றில் பயிற்சி செய்தால் சர்க்கரை திடீரென்று இறங்கி மயக்கம் வரலாம். சப்பாத்து போட்டுச் செய்யுங்கள். முடித்ததும் பாதத்தில் புண் இருக்கிறதா என்று பாருங்கள். ‘முதல் வாரம் இலவசம்’ என்று கூப்பிடும் செயலிகள், நீங்கள் நிறுத்தாவிட்டால் பிறகு தாமாகவே பணம் எடுக்கும். செயலியைக் கைத்தொலைபேசியிலிருந்து அழித்தால் மட்டும் சந்தா நிற்காது. சந்தாவைத் தனியே ரத்து செய்ய வேண்டும்.

கடைசியாக, வீட்டு ஆண்களுக்கு ஒரு வார்த்தை. வேலையும் சமையலும் துணி துவைத்தலுமாய் ஓடும் பெண்ணுக்கு அரை மணி நேரம் தானாக முளைக்காது. வீட்டிலுள்ளவர்கள் பாத்திரத்தைக் கழுவினால்தான் அது கிடைக்கும். அம்மாவுக்கு நல்ல செயலி எது என்று தேடிக் கொடுக்கும் பிள்ளைகளே, அந்த அரை மணியையும் சேர்த்துக் கொடுங்கள்.

அன்று நம்மவர் பிறருடைய தோட்டத்துக்காகப் பெரட்டில் நின்றார்கள். நாளைக் காலை நம் உடம்புக்காக நாம் நிற்போம்.