பார்வைக்கு என்ன கூலி?

"லட்சம் பேர் பார்த்தால் லட்ச ரூபாய்" என்ற பேச்சு தாராவியிலும் சயான் கோலிவாடாவிலும் நம் வாலிபர்களிடையே அடிபடுகிறது. மாதச் சம்பள வேலையை விட்டுவிட்டு, வட்டிக்கு வாங்கிய பணத்தில் காமிரா வாங்கி, யூடியூப் சேனல் தொடங்கலாமா என்று யோசிப்பவர்கள் உண்டு. ஆசைப்படுவது தவறல்ல. கணக்குத் தெரியாமல் இறங்குவதுதான் தவறு.

பார்ப்பவர்களின் தலையை எண்ணி யூடியூப் கூலி தருவதில்லை. வீடியோவுடன் வரும் விளம்பரத்துக்குக் கிடைக்கும் பணத்தில்தான் பங்கு தருகிறது. நூறு ரூபாய் வந்தால் படம் எடுத்தவருக்கு 55 ரூபாய், மீதி நிறுவனத்துக்கு. விளம்பரம் வராத பார்வைக்கு விளம்பரப் பணமும் இல்லை.

அந்தப் பங்கும் தொடங்கிய அன்றே கிடைக்காது. சேனலுக்கு 1,000 சந்தாதாரர்கள் சேர வேண்டும். 12 மாதங்களில் 4,000 மணி நேரம் மக்கள் பார்த்திருக்க வேண்டும். ஒருவர் சராசரியாக 4 நிமிடம் பார்த்தால், இதற்கு 60,000 பார்வைகள் தேவை. 'ஷார்ட்ஸ்' என்னும் சிறு வீடியோ வழியாக வருபவர்களுக்கு 90 நாளில் ஒரு கோடி பார்வை வேண்டும். பிறகும், கணக்கில் 100 டாலர் சேர்ந்தால்தான் பாங்கிக்குப் பணம் வரும்.

பீஸ் ரேட்டை விட மோசம்

தாராவித் தையல் பட்டறையில் ஒரு சட்டைக்கு என்ன கூலி என்பது, ஊசியில் நூல் கோர்ப்பதற்கு முன்பே தொழிலாளிக்குத் தெரியும். இங்கே வேலை முடிந்து, உலகம் பார்த்த பிறகுதான் கூலி தெரியும். பார்ப்பவர் எந்த நாட்டில் இருக்கிறார், எந்த விளம்பரம் வந்தது என்பதைப் பொறுத்து அது மாறும். போன மாதம் வந்தது இந்த மாதம் வரும் என்ற உறுதி இல்லை. கடனுக்கு வட்டியோ மாதம் தவறாமல் வந்து கதவைத் தட்டும்!

விதியை மாற்றும் அதிகாரமும் நிறுவனத்திடமே. முன்பு மொத்தம் 10,000 பார்வை இருந்தால் போதும் என்றிருந்தது. 2018இல் அதை மாற்றியபோது, புதிய தகுதியை எட்டாத சிறு சேனல்களின் வருமானம் நின்றது. 2020 ஜூனில் டிக்டாக் தடை செய்யப்பட்டபோது, அதில் பெயர் வாங்கியவர்களின் ரசிகர் கூட்டம் ஒரே இரவில் கலைந்தது.

"வில்லேஜ் குக்கிங் சேனல் ஜெயிக்கவில்லையா?" என்று கேட்கலாம். ஜெயித்தது உண்மை. புதுக்கோட்டை மாவட்டத்துச் சின்னவீரமங்கலத்தில் 2018இல் தொடங்கி, 2021இல் ஒரு கோடி சந்தாதாரர்களைப் பெற்ற முதல் தமிழ்ச் சேனல் அது. தாத்தாவும் பேரன்களும் ஒன்றாக உழைத்த உழைப்பு அது. அதைப் பார்த்துப் பெருமைப்படலாம். அதை நம்பி வேலையை விடக் கூடாது.

தரகர்கள் ஜாக்கிரதை

ஆசை இருக்கும் இடத்தில் தரகரும் இருப்பார். ஆயிரம் சந்தாதாரர்களை விலைக்குத் தருவதாகச் சொல்வார்கள். வாங்கினால் சேனலே பறிபோகலாம். 'வீடியோவுக்கு லைக் போட்டால் பணம்' என்று முதலில் நூறு, இருநூறு அனுப்பி, பிறகு ஆயிரக்கணக்கில் முன்பணம் கேட்பது இன்னொரு மோசடி. சிக்கியவர்கள் வெட்கப்படாமல் 1930க்கு உடனே போன் செய்ய வேண்டும்.

ரயில்வேயிலும் மத்திய அரசு அலுவலகங்களிலும் பணியாற்றுபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். முன் அனுமதியின்றித் தனித் தொழில் செய்வதை நடத்தை விதிகள் தடுக்கின்றன. அனுமதி கேட்டுவிட்டு இறங்குவதே நல்லது.

கோடிக்கணக்கானவர்களின் உழைப்பில் விளம்பரம் விற்கும் நிறுவனத்துக்கும் கடமை உண்டு. விதியை மாற்றுமுன் போதிய அவகாசம் தர வேண்டும். பணம் நின்றால் காரணத்தை அவரவர் மொழியிலேயே தெளிவாகச் சொல்ல வேண்டும். சட்டைக்குக் கூலி கேட்கும் உரிமை வீடியோவுக்கும் உண்டு.

அதுவரை, கையில் இருக்கும் வேலையை விடாமல், ஓய்வு நேரத்தில் இருக்கிற செல்போனை வைத்துத் தொடங்குவதே புத்திசாலித்தனம். ஊரில் மணியார்டரை எதிர்பார்த்த காலம் போய்விட்டது. ஆனால் மாதாமாதம் பணத்தை எதிர்பார்க்கும் குடும்பம் இன்னும் அங்கேதான் இருக்கிறது.