விண்வெளி விளையாட்டும் வியாபார நேர்மையும்

பன்வில போன்ற ஊர்களிலிருந்து கண்டிக்குக் கணனி வாங்க வரும் பெற்றோரில் பலர் கடைக்காரரின் சொல்லை நம்பியே பணம் கொடுக்கின்றனர். 2022இல் ரூபா வீழ்ந்த பின்னர் அது சிறிய பணமல்ல. பல குடும்பங்களின் சேமிப்பு.

பிள்ளை கேட்பது விண்வெளிப் பறப்பு விளையாட்டு என்றால், விலை கூடிய கிராபிக்ஸ் காட்டை அவர்கள் தலையில் கட்ட வேண்டியதில்லை. 2015இல் முழுமையாக வெளிவந்த 'கேர்பல் ஸ்பேஸ் புரோகிராம்' ரொக்கட்டின் பாகங்கள் ஒவ்வொன்றின் அசைவையும் கணக்கிடுகின்றது. அதற்கு வேகமான புரொசஸரே முக்கியம். 'ஓர்பிட்டர்' இலவசமானது, பழைய கணனியிலும் இயங்கும். எனவே நல்ல புரொசஸர், 16 ஜீ.பீ. ரெம், தரமான பவர் சப்ளை என்பவற்றுக்கே முதலிடம் கொடுக்க வேண்டும். கிராபிக்ஸ் காட் பாவித்ததாக இருந்தாலும் போதும்.

ஆனால் இதில் ஓர் ஆபத்துண்டு. 2022 செப்டம்பரில் எதீரியம் டிஜிட்டல் நாணய அகழ்வு முடிவுக்கு வந்ததும், இரவு பகலாக ஓடிய காட்கள் உலகச் சந்தையில் குவிந்தன. அவற்றைத் துடைத்துப் புதியதென விற்பது மோசடியாகும். 'பாவித்தது' எனப் பற்றுச்சீட்டில் எழுதி, இயக்கிக் காட்டி, உத்தரவாதத்துடன் விற்கலாமே! இலாபம் சற்றுக் குறையலாம், வாடிக்கையாளர் குறையமாட்டார்.