யாழினியை யாழினி என்றே அழைப்போம்

படுவான்கரையிலே, பழுகாமத்திலும் அயலூர்களிலும், நம் பாட்டிமார் தாங்கிய பெயர்கள் பல கோயிலையொட்டிப் பிறந்தவை. கண்ணகை, திரௌபதை, வள்ளியம்மை என்பன அத்தகையன. காலம் மாறப் பெயரும் மாறியது. முன்னோர் வழங்காத ‘யாழினி’ என்னும் பெயரை இன்று நம் பாடசாலைகளின் வரவு இடாப்பிலும் காண்கின்றோம். கடல் கடந்து வாழும் தமிழர் இல்லங்களிலும் கேட்கின்றோம். இப்பெயர் பரவுவதை நாம் வரவேற்கின்றோம். ஆனால், அது நம் நாவிற் படும்பாட்டைக் கண்டு வாளாவிருத்தல் இயலவில்லை.

இது பழைய நூல்களில் இல்லாத பெயர் எனக் குறை கூறுவாரும் உளர். பாடு என்பதிலிருந்து பாடினி என்னும் சொல் பண்டே பிறந்திருக்க, யாழிலிருந்து யாழினி பிறத்தலில் இழுக்கென்ன? வேதாரணியத்து அம்பிகைக்கு யாழைப்பழித்த மொழியாள் என்பது திருநாமம். யாழோடு பெண்மையை இணைத்துக் காணல் நம் சமயத்துக்குப் புதிதன்று.

மட்டக்களப்பு நாட்டார்க்கு இதில் தனியுரிமையும் உண்டு. காரைதீவிலே 1892 ஆம் ஆண்டு தோன்றிய விபுலானந்த அடிகளார், வழக்கொழிந்த யாழினை ஆராய்ந்து யாழ் நூலை இயற்றினார். அது 1947 ஆம் ஆண்டு திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. அவ்வாண்டிலேயே அடிகளார் மறைந்தார். இருபத்தொரு நரம்புடைய பேரியாழும், ஏழு நரம்புடைய செங்கோட்டியாழும் எவ்வாறு இசைத்தன என்பதை மீட்டுத்தர அவர் உழைத்தார். கருவியின் ஒலியை அவர் தேடினார். அதன் பெயரின் ஒலியையேனும் நாம் காத்தல் வேண்டாவா?

இன்று வீட்டிலும் வகுப்பிலும் அப்பிள்ளை பெரும்பாலும் ‘யாளினி’ ஆகின்றாள். யாளி என்பது கோயிற்றூணிலே வாய்பிளந்து நிற்கும் கல்விலங்கு. இன்னிசைக் கருவியின் பெயரை மகளுக்கு இட்டுவிட்டு விலங்கின் பெயரால் விளிக்கின்றோம். வாழை வாளையாயின் மரம் மீனாகும். நம் பழுகாமமும் பளுகாமமாயின் ஊரே சுமையாகிவிடும்.

ஈழத்துப் பேச்சில் ழகரமும் ளகரமும் ஒன்றாதல் இயற்கை. அதனைப் பிழையென்பது தகாது என மொழிநூலார் சிலர் கூறுவர். அன்றாடப் பேச்சுக்கு அது பொருந்தலாம். ஆயின், பெயர் ஒருவர்க்கு வாழ்நாள் முழுவதும் உரிய உடைமை. அதனைத் திரித்து வழங்கப் பிறர்க்கு உரிமையில்லை. மேலும், மட்டக்களப்புத் தமிழ் பேச்சுவழக்குகளுள் இலக்கிய நடைக்கு மிக நெருங்கியது எனக் கமில் சுவெலபில் என்னும் மேனாட்டறிஞர் மதித்துரைத்தார். அப்பெருமையைச் சொல்லி மகிழும் நாம், ஓரெழுத்துக்கு நாவை வளைக்கச் சோம்புதல் அழகன்று. நாநுனியை மேலே வளைத்து அண்ணத்தை மெல்ல வருடினால் ழகரம் பிறக்கும் என்பது தொல்காப்பியர் காட்டிய நெறி. சிறு பிள்ளைக்கும் அது எளிதே.

ஆங்கில எழுத்தில் எழுதும்போது இடர் மிகுகின்றது. ஈழத்தவர் ‘எல்’ எழுத்தை இடுகின்றனர். பிறநாட்டார் அதனை ‘யாலினி’ எனப் படிக்கின்றனர். தமிழகத்தார் ‘இசட்’, ‘எச்’ இரண்டையும் சேர்த்து எழுத, அதுவும் அயலார் வாயில் வேறொலியாகின்றது. 2015 ஆம் ஆண்டு கான் திரைப்பட விழாவில் தங்கப்பனை விருது பெற்ற ‘தீபன்’ என்னும் பிரெஞ்சுப் படத்தின் கதைத்தலைவிக்கும் இப்பெயரே. உலகம் அறிந்த பெயரை உலகம் எங்ஙனம் ஒலிப்பது? நாம் ஒலித்துக் காட்டியே அவர்கள் அறிதல் வேண்டும்.

ஆகவே பெற்றோர்க்கு ஒன்று சொல்வோம்: பெயரைத் தெரிந்தெடுக்குமுன் வாய்விட்டுப் பலகாற் சொல்லிப் பாருங்கள், இட்டபின் செல்லப்பெயரால் அதனை மறைத்துவிடாதீர்கள். ஆசிரியர்க்கும் ஒன்று: இடாப்பு அழைக்கும் முதல்நாளிலேயே அப்பெயரைத் திருத்தமாக அழையுங்கள், நாற்பது பிள்ளைகளும் அதனைக் கேட்டுப் பழகுவர். மாணவியர்க்கும் ஒன்று: உங்கள் பெயரைப் பிறர் பிழையாக ஒலிப்பின் நாணாது திருத்துங்கள். அது செருக்கன்று, மொழிக்குச் செய்யும் தொண்டு.