மரத்த பாதமும் இரத்தப் புரதமும்

பாதம் மரத்துப்போயிற்று என்று ஒருவர் கூறியவுடன் களப்பணியாளரின் எண்ணம் தொழுநோயின்மீதும் நீரிழிவின்மீதும் செல்கிறது. நம் நாட்டு நிலையில் அது முறையே ஆகும். ஆனால் தோலில் உணர்வற்ற தேமல் இல்லை, இரத்தத்தில் சர்க்கரையும் மிகவில்லை என்று தெளிந்த பின்னர், ‘முதுமையின் விளைவு’ என்று கூறி ஆராய்ச்சியை அத்துடன் நிறுத்திவிடுவது முறையன்று.

இரத்தப் புற்றுநோய்களுள் சில, நரம்புக் கோளாறாகவே முதலில் வெளிப்படுவதுண்டு. 1944-இல் சுவீடன் நாட்டு மருத்துவர் யான் வால்டென்ஸ்ட்ரோம், மூக்கிலும் வாயிலும் குருதி கசிந்த இரு நோயாளிகளைப் பற்றி எழுதினார். அவர் பெயரால் இன்று வழங்கும் அந்நோயில், எலும்பு மஜ்ஜையில் பெருகும் பிறழ்ந்த அணுக்கள் ஐ.ஜி.எம். என்னும் புரதத்தை மிகுதியாகச் சுரக்கின்றன. மூலக்கூறு எடை ஏறத்தாழ 9 லட்சமாக உள்ள அப்பெரும் புரதம் மிகும்போது இரத்தம் தடிப்பேறுகிறது. தலைவலியும் பார்வை மங்கலும் மனக்குழப்பமும் தோன்றுகின்றன. வேறு சிலரிடம் அதே புரதம் நரம்பிழைகளைப் போர்த்தியிருக்கும் மயலின் உறையைத் தாக்குகிறது. அப்போது இரு பாதங்களிலும் ஒருங்கே தொடங்கும் மரமரப்பு மெல்ல மெல்ல மேலேறுகிறது; நடையும் தள்ளாடுகிறது.

இப்புரதத்தைக் கண்டறியும் வழி அரிதன்று. மின்னோட்டத்தின் துணையால் இரத்தப் புரதங்களைப் பிரித்துக் காட்டும் எலக்ட்ரோபோரசிஸ் முறையை வளர்த்த ஆர்னே டிசேலியஸ், 1948-இலேயே நோபல் பரிசு பெற்றார். காரணம் விளங்காத மரமரப்புக்குச் சர்க்கரை, வைட்டமின் பி12 ஆகியவற்றுடன் இச்சோதனையையும் தொடக்கத்திலேயே செய்வித்தல் வேண்டும்.

இதனால் வீண் அச்சம் பரவும் என்பர் சிலர். அது முற்றிலும் புறக்கணிக்கத் தக்கதன்று. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் நிகழ்ந்து 2006-இல் வெளிவந்த ஆய்வில், 50 வயதைக் கடந்தோரில் 100-க்கு 3 பேரிடம் இத்தகைய ஒற்றைவகைப் புரதம் காணப்பட்டது. அவர்களுள் பெரும்பாலோர்க்குப் புற்றுநோய் வருவதில்லை. ஆகவே சோதனையின் முடிவை வல்லுநரே எடைபோட வேண்டும். எனினும் அச்சத்தைக் காரணம் காட்டிச் சோதனையையே கைவிடலாகாது. நெடுநாள் சிதைந்த நரம்பு முழுமையாக மீள்வது அரிது.

நோய்க்குப் பெயரிடுவது களப்பணியாளரின் கடமையன்று. மரமரப்பு எப்போது தொடங்கிற்று, இரு கால்களிலும் உண்டா, எடை குறைந்ததா, குருதி கசிந்ததா என்பவற்றைக் குறித்தனுப்புவதே அவர் கடமை. மூக்கில் குருதிக் கசிவும் பார்வை மங்கலும் சேர்ந்து காணின், அன்றே பெரிய மருத்துவமனைக்கு அனுப்புதல் வேண்டும். தடித்த இரத்தத்தின் பிளாஸ்மாவை மாற்றி விரைவில் தணிவளிக்க இயலும். மரமரப்பு ஓர் அறிகுறியே, நோயின் பெயரன்று என்பதை ஆசிரியர்கள் உடல்நலப் பாடத்தில் ஒருமுறை வற்புறுத்தினாலும் அது பல இல்லங்களுக்குப் பயன்படும்.